ப்ராசஸர் சர்வீஸ் செய்யப்படும்

முனியராஜ் எதைத் தொடுவதற்கு முன்னாலும் செம்பைத் தொடுவான். கடை மேஜையின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருக்கும். அதன் அடியிலிருந்து ஒரு பச்சை வயர் கிளம்பிச் சுவரோரமாக இறங்கி, கடைக்குப் பின்னால் மண்ணில் அடித்த கம்பியில் போய் முடியும். வாடிக்கையாளர் லேப்டாப்பை நீட்டினால் அவன் உடனே வாங்கமாட்டான். இடது கையைத் தகட்டின் மேல் வைப்பான். பெருவிரலின் அடிச்சதை முதலில் படும், பிறகு உள்ளங்கை, கடைசியில் விரல் நுனிகள் ஒவ்வொன்றாக. மூன்று எண்ணுகிற நேரம் அப்படியே இருப்பான். அதற்கப்புறம்தான் வலது கை நீளும்.

சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மூன்று வருடம் வெடிமருந்து ரூமில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே ரூம் வாசலில் இப்படி ஒரு தகடு பதித்திருக்கும். உடம்பில் தங்கியிருக்கிற மின்சாரத்தை அதில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மறந்தால் ரூமே இருக்காது. இங்கே மறந்தால் நகக்கண் அளவு எலக்ட்ரானிக் சில்லு ஒன்று சத்தமில்லாமல் செத்துப்போகும், அவ்வளவுதான் வித்தியாசம். எதிர்த்த அச்சு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிற ராக்கப்பனுக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். "என்னலே, லேப்டாப்புக்குச் சத்தியமா பண்ணிக் குடுக்க?" என்பார். முனியராஜ் கையை எடுக்கமாட்டான். எண்ணிக்கொண்டிருக்கும்போது பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும்.

படித்தது பத்தாம் வகுப்பும் ஐடிஐயும். மிச்சத்தை எல்லாம் நெட்டில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். அதில் அவன் மனசு போய் நின்ற இடம் ஃபர்ம்வேர். மெஷினுக்குக் கரண்ட் கொடுத்ததும் எல்லாவற்றுக்கும் முன்னால் கண் விழிக்கிற சின்ன நிரல் அது. தான் யார், தன்னோடு யார் யார் இருக்கிறார்கள், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று மெஷினுக்கு முதலில் சொல்வது அதுதான். செய்த கம்பெனி அதை மூடித்தான் கொடுக்கும். வாசிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. அதே வேலையைச் செய்யும் நிரலை, யாரும் வாசிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி நெட்டில் இலவசமாகப் போடுகிறார்கள். முனியராஜ் ஒடிந்த இங்கிலீஷில் அவர்களோடு பேசிப் பழகியவன். கம்பெனி கைகழுவிய பழைய கம்ப்யூட்டர்களில் அந்தத் திறந்த நிரலை ஏற்றிக் காலண்டர் சீசனுக்குத் தயாராக்கிக் கொடுப்பான். அந்தக் கம்ப்யூட்டர்களை வைத்து ராக்கப்பன் வேலை பார்க்கும் பிரஸ் நாலு சீசன் தாண்டிவிட்டது.

புது மெஷின்களில் அது நடக்கவில்லை. மெஷினின் மூளையான செயலியை, அதாவது ப்ராசஸரை, செய்கிற கம்பெனியே உள்ளுக்குள் பூட்டு வைத்து அனுப்ப ஆரம்பித்திருந்தது. "உள்ள மயிரிழை கணக்கா திரி இருக்குண்ணே. வெளிய அனுப்பும் முன்னாடியே கம்பெனிக்காரன் அதுல சிலதைக் கொளுத்திருவான். எது எரிஞ்சிருக்கு, எது எரியலங்கிற வரிசைதான் பூட்டு. கொளுத்துன திரிய நாம திரும்பத் திரிக்க முடியாதுல்லா?" என்று ஒருநாள் ராக்கப்பனுக்கு விளக்கினான். திரி என்றதும் ராக்கப்பனுக்குப் புரிந்துவிட்டது. "காசு குடுத்து வாங்குன மெஷின்ல கண்டவன் பூட்டுப் போடுவானா" என்று அவர் முனகினார். முனியராஜுக்கும் அதேதான் கோபம். ஆனால் அன்றைக்கு அது மெஷினைப் பற்றிய கோபம் மட்டும்தான்.

செல்லக்கனி கடைக்கு வந்தது சித்திரைக் கடைசியில், சாயங்காலம். வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருந்தாள். முன்முடியிலும் புருவத்திலும் அலுமினியப் பவுடர் சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. முந்தானையிலிருந்து சுருக்குப் பை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"போர்டுல ப்ராசஸர் சர்வீஸ்னு போட்டிருக்கீகளே தம்பி. அதான் வந்தேன்."

பைக்குள் இருந்ததைப் போல ஒன்றை அவன் அதுவரை கையில் எடுத்ததில்லை. காதின் பின்புறத்துக்குப் பொருந்தும்படி வளைந்த சின்னக் கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் போய் ரூபாய் நாணயம் போன்ற வட்டத்தில் முடிந்தது. வட்டம் அவன் மேஜைத் திருப்புளியில் போய்த் தானாக ஒட்டிக்கொண்டது. உள்ளே காந்தம்.

"இது என்னதுக்கா?"

"ப்ராசஸர். எம் மக எழிலோட ப்ராசஸர்."

குடம், வாளி என்பதுபோல அந்த வார்த்தையைச் சொன்னாள். ஏழு வருடமாக அந்த வீட்டில் புழங்குகிற வார்த்தை. ப்ராசஸரை மாட்டு, ப்ராசஸரைக் கழட்டி வைத்துவிட்டுக் குளி, ப்ராசஸருக்கு பேட்டரி இருக்கா. பிறவியிலேயே காது கேளாத பெண் எழில். நாலு வயதில் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். வெளியே மாட்டுகிற இந்தக் கருவிதான் சத்தத்தை வாங்கி, கணக்குப் போட்டு, காந்த வட்டத்தின் வழியாகத் தலைக்குள் அனுப்பும். இது நின்றால் உள்ளே இருப்பது சும்மா கிடக்கும். ஆஸ்பத்திரியில் இதற்கு ப்ராசஸர் என்று பெயர். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பது செல்லக்கனிக்குத் தெரியாது. இந்த அர்த்தம் இருப்பது முனியராஜுக்குத் தெரியாது.

நான் சொல்லும் ப்ராசஸர் வேறு என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவள், கருவி நின்றுபோய்விட்டது, கம்பெனி இந்த மாடலை நிறுத்திவிட்டது, புதுசு வாங்க நாங்கள் மறுபடி பிறந்து வரவேண்டும், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைக்குக் காது வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டாள். அவன் தகட்டில் கையை வைத்தான். மூன்று எண்ணினான். கருவியை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் வந்தபோது அதைத் திறந்து லென்ஸுக்கு அடியில் வைத்திருந்தான். உள்ளே நிஜமாகவே ஒரு செயலி, அரிசிமணியில் பாதி. அதன் கால்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் துகள்கள் மின்னின. பார்த்ததை அப்படியே சொல்வது அவன் வேலைப் பழக்கம். "உள்ள அலுமினியப் பவுடர் போயிருக்குக்கா" என்றான்.

செல்லக்கனி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எம் மேல இருந்துதான் போயிருக்குமோ?"

வியர்வையும் காரணம், வருடமும் ஆகிவிட்டது என்று அவன் அவசரமாகச் சொன்னதெல்லாம் அவளுக்குள் இறங்கவில்லை. அன்றிலிருந்து வேனை விட்டு இறங்கியதும் ஓடி வருகிற மகளைக் கைநீட்டித் தடுத்து நிறுத்த ஆரம்பித்தாள். தலைக்குக் குளித்து வேறு சேலை மாற்றிய பிறகுதான் பக்கத்தில் விட்டாள். எழில் அது ஏதோ புது விளையாட்டு என்று முதலில் நினைத்து, தானும் கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம். இதையெல்லாம் செல்லக்கனி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய கருவியை எழுப்ப முடியாது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. மெயின் சில்லு போய்விட்டது. பக்கத்தில் இருந்த நினைவுச் சில்லு மட்டும் பிழைத்திருந்தது. அதற்குள்தான் மேப் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு மின்சாரம் தலைக்குள் போகலாம் என்று வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எழுதிவைக்கிற அட்டவணை அது. இன்னொரு கருவி கிடைத்து, அதில் இந்த மேப்பை ஏற்றினால் எழிலுக்குக் கேட்கும் என்று முனியராஜ் கணக்குப் போட்டான்.

இன்னொரு கருவி தானாக வந்தது. விருதுநகரில் செவித்திறன் நிபுணர் லட்சுமிகாந்தத்தின் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் வருடக்கணக்காகக் காத்திருந்ததில் செல்லக்கனிக்கு ஒரு குடும்பம் பழக்கம். பேப்பர் வியாபாரி செய்யது அபுதாஹிர். அவர் மகள் சனாவுக்கும் எழிலுக்கும் ஒரே வருடத்தில் ஆபரேஷன். சனாவுக்குப் புது மாடல் வாங்கியாயிற்று. விஷயம் கேள்விப்பட்டு அபுதாஹிர் சனாவின் பழைய கருவியைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு சிவகாசிக்கே வந்துவிட்டார். அதே கம்பெனி, அதே மாடல்.

"அலமாரியில சும்மா கெடக்கு தம்பி. இன்னொரு பிள்ள காதுக்குப் போனா சந்தோசந்தான்" என்று பெட்டியை மேஜையில் வைத்தார். டீ வாங்கி வரச் சொன்னதற்கும் நிற்கவில்லை.

முனியராஜ் முதலில் நேர்வழியில்தான் போனான். கருவியோடு செல்லக்கனியையும் கூட்டிக்கொண்டு லட்சுமிகாந்தத்திடம் போனான். அந்தம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சனாவின் கருவியைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, எழிலின் பெயருக்கு மாற்ற அவர்களுக்கு முன்னாலேயே முயன்று பார்த்தார். கம்பெனி கொடுத்த மென்பொருள் மறுத்துவிட்டது. இந்த மாடலுக்கான ஆதரவு முடிந்தது என்று திரையில் ஒரு வரி வந்தது. அவர்தான் கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டார். மூன்றாவதுக்குப் பதில் வந்தது. புது மாடலின் விவரப் புத்தகத்தை இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

தானே திறந்து பார்க்கட்டுமா என்று முனியராஜ் கேட்டதும் லட்சுமிகாந்தத்தின் முகம் மாறியது. "வேண்டாம். ஒரு பிள்ளையோட மேப் இன்னொரு பிள்ளை தலைக்குள்ள போனா வலியில துடிச்சுரும். அதுக்காகத்தான் பூட்டே வச்சிருக்காங்க" என்றார்.

"பூட்டு இருக்கட்டும் மேடம். சாவிய யாருகிட்ட குடுத்திருக்காக?"

அவர் சனாவின் கருவியைப் பெட்டிக்குள் வைத்து அவன் பக்கம் நகர்த்தினார். அது முனியராஜுக்கு அந்த நேரத்தில் ஒரு வெற்றிபோல இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம். பிரஸ்கள் திறப்பதற்கு முன் காலை ஆறு மணிக்கே கடைக்கு வந்துவிடுவான். நெட்டில் இந்தக் கருவிகளுக்குத் திறந்த ஃபர்ம்வேர் எழுத முயல்கிறவர்கள் உலகம் முழுக்க ஒரு நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் காது கேளாத பிள்ளைகளின் அப்பாக்கள். அவர்கள் எழுதிவைத்ததை ஏற்றிப் பார்த்தான். செயலி விழிக்கவே இல்லை. கம்பெனியின் கையெழுத்து இல்லாத நிரலை அது தொடாது. இங்கேயும் திரியைக் கொளுத்தித்தான் அனுப்பியிருந்தார்கள்.

வேறு வழியாகப் போனான். கம்பெனி நிரலை அப்படியே விட்டுவிட்டு, எழிலின் செத்த கருவியிலிருந்து மேப்பை மட்டும் எடுத்து, சனாவின் கருவியில் மேப் இருந்த இடத்தில் வைத்தான். ஏழெட்டுத் தடவை முரண்டு பிடித்தது. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கரண்ட் கொடுத்துவிட்டு அவன் இருமினான். கருவியின் தலையில் பச்சைப் புள்ளி ஒன்று மினுக்கியது. மறுபடி இருமினான், மறுபடி மினுக்கியது. சத்தம் வந்தால் பச்சை எரியும் என்று கையேட்டில் இருந்தது. தலைக்குள் இருப்பதோடு தொடர்பு கிடைக்காவிட்டால் ஆரஞ்சு எரியும் என்றும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செல்லக்கனி எழிலைக் கூட்டிவந்தாள். பதினோரு வயது, ரெட்டைச் சடை, யார் வாய் திறந்தாலும் அந்த வாயில் போய் நிற்கிற கண்கள். ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். எதிரே செல்லக்கனி. லட்சுமிகாந்தம் சொன்ன வலி முனியராஜின் மனதில் இருந்தது. சத்த அளவை அடிமட்டத்தில் வைத்துத்தான் மாட்டினான். வட்டம் தலையில் டக்கென்று போய் ஒட்டியது. ஆரஞ்சு வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினான். பிள்ளை முகம் சுளிக்கவில்லை. "கேக்குதா?" என்றான். எழில் அவனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

அவன் எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். மெதுவாகத்தான் கூப்பிட்டான்.

"எழில்."

அவள் திரும்பினாள்.

செல்லக்கனி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். எதிர்த்த பிரஸ் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ராக்கப்பன், "ஏலே, சாதிச்சுட்டியேலே" என்று கையிலிருந்த மையைத் துடைக்காமலே வந்து முனியராஜின் தோளைப் பிடித்து உலுக்கினார். சட்டையில் பதிந்த அந்த மை கடைசிவரை போகவில்லை. மறுநாள் செல்லக்கனி சாத்தூர் சேவு ஒரு கிலோ கொண்டுவந்து வைத்தாள். அபுதாஹிர் போனில் நெடுநேரம் துவா செய்தார். முனியராஜ் அந்த நாற்பது பேருக்கும் படங்களோடு எழுதினான். நிரலைத் திறக்க முடியவில்லை, ஆனால் வழி இருக்கிறது, என் ஊரில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள் என்று எழுதினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு பேர் அவனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. லட்சுமிகாந்தத்திடம் சொல்லவில்லை. திட்டுவார் என்று பயம் பாதி. அவரில்லாமலேயே முடிந்துவிட்டது என்ற திமிர் மீதி.

காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு புகார் வர ஆரம்பித்தது. டிக்டேஷனில் ஒரு வரிகூட எழுதவில்லை என்றார் டீச்சர். பெயர் வாசிக்கும்போது பக்கத்துப் பெண் இடித்தால்தான் எழுந்து நிற்கிறாளாம். வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. பேசினாலும் குரல் சப்பென்று ஒரே மட்டத்தில் வந்தது, வார்த்தைகளின் கடைசி எழுத்துகள் விழுந்துபோயின. ஏழு வருடம் வாரத்துக்கு ஒருநாள் பயிற்சிக்குப் போய், கண்ணாடி முன் உட்கார்ந்து 'ழ' சொல்லப் பழகிய பிள்ளை. தீபாவளி சீசனில் கம்பெனியில் லோடு லோடாக ஆர்டர். செல்லக்கனி ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே உப்பு டப்பாவை எடுக்கச் சொல்வாள், எழில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்காத காலத்தில் ஒருநாளும் திட்டாதவள் இப்போது திட்டினாள். காதுதான் கேட்கிறதே, அப்புறம் என்ன என்ற நினைப்பு.

ஐப்பசியில் இரண்டு தடவை எழிலைக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தடவையும் முனியராஜ் கருவியைச் சோதித்தான். கையைத் தட்டினான், பச்சை எரிந்தது. பெயர் சொன்னான், பச்சை எரிந்தது. எதிர்த்த பிரஸ்ஸில் மெஷின் ஓட ஓட அது விடாமல் எரிந்துகொண்டே இருந்தது.

"மெஷின்ல ஒரு குத்தமும் இல்லக்கா. பிள்ளதான் கவனிக்க மாட்டேங்குது போல."

அதைச் சொல்லும்போது எழில் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிந்ததும் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள். முனியராஜ் அதைக் கவனித்தான். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தான்.

கார்த்திகையில் ஒருநாள் வேன் நிற்கிற இடத்தில் எல்லார் முன்னாலும் செல்லக்கனி மகளைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள். பின்னால் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தும் பிள்ளை நகரவில்லை. டிரைவர் பிரேக் போட்டு எட்டிப்பார்த்து, செவிட்டுப் பிள்ளையா என்று கேட்டான். "செவிடு இல்ல, திமிரு" என்று சொல்லிக்கொண்டேதான் அடித்தாளாம். பவுடர்க் கையோடு அடித்ததால் கன்னத்தில் நாலு விரலும் சாம்பலாகப் பதிந்திருந்தன. அன்று அவள் மகளைத் தொடுவதற்கு முன் குளிக்கவில்லை.

தை மாதம் லட்சுமிகாந்தத்திடமிருந்து முனியராஜுக்கு போன் வந்தது. உள்ளே வைத்த கருவியைப் பார்க்கும் வருடாந்தரச் சோதனைக்கு எழிலை அழைத்து வந்திருக்கிறார்கள், உடனே புறப்பட்டு வாருங்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே பஸ்ஸில் அவனுக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை.

அவன் போய்ச் சேர்ந்ததும் லட்சுமிகாந்தம் செல்லக்கனியை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். எழிலைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். அவள் பெயரைச் சொன்னார். கை தட்டினார். மேஜையிலிருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கி அடித்தார். முனியராஜ் துள்ளிவிட்டான். எழில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதுக்குப் பின்னால் ஒவ்வொரு தடவையும் பச்சை மினுக்கியது.

"நீங்க மேப்பை மட்டும்தான் மாத்தினீங்க" என்றார் லட்சுமிகாந்தம். "இந்த மெஷின் கண் முழிச்சதும் தலைக்குள்ள இருக்கிறதுகிட்ட முதல்ல பேர் கேக்கும். சனாவோட நம்பர் வந்தாத்தான் வாயைத் திறக்கும். அந்தக் கேள்வி நீங்க தொடமுடியாத இடத்துல இருக்கு. முதல் நாள்ல இருந்து ஒரு சத்தம்கூட உள்ள போகலை."

"ஆரஞ்சு லைட்டு எரியலையே மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "காதுல சிக்னல் எரியுதுன்னு சனாவை ஸ்கூல்ல கேலி பண்ணாங்க. அழுதுச்சு. ஆரஞ்சை நான்தான் அணைச்சு வச்சேன்."

அன்று பின்னால் நின்று கூப்பிட்டதும் திரும்பினாளே என்று அவன் கேட்டான். அம்மா எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். எதிரே என்று சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகள் அம்மாவின் கண் எங்கே போகிறது என்று பார்த்துத் திரும்பிவிடும், அதனால்தான் நாங்கள் அம்மாக்களை வெளியே அனுப்பிவிட்டுச் சோதிப்போம் என்றார். அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். கம்பெனி இன்னும் உருப்படியாக ஒரு பதிலும் போடவில்லை என்பதை அவன் கேட்காமலேயே கடைசியாகச் சொன்னார்.

கதவைத் திறந்து செல்லக்கனியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னது யார் என்பது முனியராஜுக்குப் பிற்பாடு ஞாபகம் வரவில்லை. அவள் அழவில்லை. எழிலின் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அடிச்சிட்டேனே, அடிச்சிட்டேனே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எழில் அம்மாவின் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பரவாயில்லை என்பதுபோல் கையை அசைத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் முனியராஜ் அந்த நாற்பது பேருக்கும் நடந்ததை எழுதினான். அவன் காட்டிய வழியில் ஏற்கெனவே இரண்டு பேர் போயிருந்தார்கள். பெயர் தெரியாத ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒரு அப்பா, ஒரே வரியில் பதில் போட்டார்: என் மகனும் தலையாட்டுகிறான்.

சனாவைப் போலப் புதுக் கருவியோடு கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு. எழிலுக்கு அது வாய்க்கவில்லை. ஆனி மாதம் வெளியூரில் ஒரு காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே எல்லாரும் கையால் பேசுகிறார்கள். மூன்றே மாதத்தில் எழில் வேகமாகப் பழகிவிட்டாள், கலகலவென்று இருக்கிறாள். வீடியோ காலில் அவள் கைகள் படபடவென்று ஓடும். செல்லக்கனிக்கு அதில் ஒன்றும் புரியாது. புரிந்ததுபோல் தலையாட்டுவாள்.

சனாவின் கருவியைத் திருப்பிக் கொடுப்பதற்காக அவள் ஒருநாள் கடைக்கு வந்தாள். முனியராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை வாங்கி வைத்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று மாதக்கணக்காக மனசுக்குள் எழுதிவைத்திருந்த வரிகளை விட்டுவிட்டு, பெட்டியின் மேல் தூசியைத் துடைக்க ஆரம்பித்தான். அவளோ கோபித்துக்கொள்ள வந்தவள் இல்லை. போகிறபோது, மனசில் கிடந்து உறுத்துகிற ஒன்றை எங்காவது இறக்கிவைக்க வேண்டும் என்பதுபோல் வாசலில் நின்று சொன்னாள்.

கருவியை முதன்முதலாக மாட்டிப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எழில் அவள் கையைச் சுரண்டியிருக்கிறாள். அந்த மாமா எனக்குப் பின்னால் நின்று என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டிருக்கிறாள். பெருமையில் இன்னொரு தடவை கேட்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்த செல்லக்கனி, சிரித்துக்கொண்டே, "ஒம் பேரத்தான்" என்றாளாம்.